முகத்திரை, துடோங், பர்தா: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தமிழ் முஸ்லிம்கள், இந்துக்கள், மலாய்க்காரர்கள் எல்லாரும் ஒரே கடைத்தெருவில்தான் புழங்குகிறோம். ஆனாலும் முஸ்லிம் பெண்களின் உடையைப் பற்றிய சந்தேகங்களை யாரும் அந்தப் பெண்களிடமே கேட்பதில்லை. கல்யாண வீட்டிலும் கிளினிக் வரிசையிலும் பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும் மூன்றாம் ஆளிடம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் சொன்னபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். இவை விளக்கங்கள் மட்டுமே. மார்க்கத் தீர்ப்பு வேண்டுவோர் பேராக் முஃப்தி அலுவலகத்தை நாடவும்.

துடோங், ஹிஜாப், பர்தா, புர்கா, நிகாப்… எல்லாம் ஒன்னுதானே?

இல்லை. துடோங் தலைமுடி, காது, கழுத்தை மூடும் துணி. முகம் முழுவதும் தெரியும். இன்றைய பேச்சில் ஹிஜாப் என்பதும் இதையே குறிக்கிறது. நிகாப் என்பது கண்களை விட்டுவிட்டு முகத்தை மூடும் தனித்துணி. ஜூபா, அபாயா ஆகியவை தோளிலிருந்து கணுக்கால்வரை இறங்கும் தளர்ந்த அங்கிகள். ஆப்கானிஸ்தானில் கண்ணுக்கும் வலை வைத்துத் தைத்த ஒரே போர்வைதான் புர்கா. அது இங்கே யாரும் உடுத்துவதில்லை.

குழப்பம் பர்தாவில்தான். மலாய்க்காரர்கள் ‘பர்டா’ என்றால் முகத்திரையைச் சொல்கிறார்கள். நம் தமிழ் முஸ்லிம் வீடுகளில் பர்தா, புர்கா என்றால் பெரும்பாலும் கறுப்பு அங்கிதான்; முகம் திறந்தே இருக்கும். பள்ளியிலோ வேலையிடத்திலோ ‘பர்டா கூடாது’ என்று கடிதம் வந்தால், அங்கியைத்தான் தடுக்கிறார்கள் என்று பதறிப்போய்ச் சண்டைக்குப் போகவேண்டாம். முகத்தையா, அங்கியையா என்று முதலில் கேளுங்கள்.

குர்ஆன்ல முகத்தை மூடச் சொல்லியிருக்கா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவர்கள் ஏதோ ஒரு கருத்தை மறைக்கிறார்கள். உடை பற்றிய பேச்சு அந்நூர் அத்தியாயத்தில் (24) வருகிறது. 30ஆம் வசனம் முதலில் ஆண்களிடம்தான் பேசுகிறது: பார்வையைத் தாழ்த்துங்கள், கற்பைக் காத்துக்கொள்ளுங்கள். 31ஆம் வசனம் அதையே பெண்களுக்கும் சொல்லி, ‘வெளியே தெரிவதைத் தவிர’ அழகைக் காட்டவேண்டாம், தலைத்துணியை மார்பின்மேல் இட்டுக்கொள்ளுங்கள் என்கிறது. 33ஆம் அத்தியாயத்தின் 59ஆம் வசனம், வெளியே போகும்போது மேலாடையைத் தம்மீது தாழ்த்திக்கொள்ளச் சொல்கிறது.

‘வெளியே தெரிவது’ எது என்பதில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள். முகமும் கைகளும் என்பது ஒரு சாரார். ஹனஃபி, மாலிகி மத்ஹபுகளில் (மார்க்கச் சட்ட மரபுகளில்) இதுவே அடிப்படை. ஹன்பலி மத்ஹபில் முகத்தையும் மூடவேண்டும் என்ற கருத்து பலமாக இருக்கிறது. மலேசியா பின்பற்றும் ஷாஃபி மத்ஹபுக்குள்ளேயே இரண்டு கருத்தும் உண்டு. நடைமுறையில் இந்நாட்டு முஸ்லிம் பெண்களில் மிகப் பெரும்பாலோர் முகத்தைத் திறந்தே வைக்கிறார்கள். நிகாப் அணிபவர் அதிகப் பேணுதலாகவோ, தம் ஆசிரியர் சொன்ன கருத்தைக் கடமையாக ஏற்றோ அணிகிறார். இருவரில் யாரும் மார்க்கத்தை விட்டு வெளியே போய்விடவில்லை.

அப்போ தொழும்போதும் ஹஜ்ஜுலயும் முகத்தைத் திறக்கறாங்களே, அது ஏன்?

தொழுகையில் முகமும் கைகளும் திறந்திருக்கும். அதனால்தான் மலேசியாவில் எல்லாரும் அணியும் வெள்ளைத் தெலகோங்கும், நம் வீடுகளில் பாட்டிமார் வைத்திருக்கும் மக்கனாவும் முகத்தைச் சுற்றி வட்டமாகத் திறந்தபடி தைக்கப்பட்டிருக்கின்றன. ஹஜ்ஜுக்காக இஹ்ராம் கட்டிய (புனித நிலைக்குள் நுழைந்த) பெண் நிகாபும் கையுறையும் அணியவேண்டாம் என்று நபிமொழி உண்டு. முகத்திரை கட்டாயமில்லை என்போர் இதையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். மறுதரப்போ, ‘இஹ்ராமில் வேண்டாம் என்று தனியாகச் சொன்னதே, மற்ற நேரத்தில் அணிந்திருந்தார்கள் என்பதற்குச் சான்று’ என்கிறது. முந்தைய பதிலில் சொன்ன கருத்து வேறுபாடு இங்கேயும் தொடர்கிறது.

எங்க பாட்டி புடவை முந்தானையை முக்காடா போட்டுக்கிட்டுதான் பால் மரம் வெட்டப் போனாங்க. இப்ப இருக்கறவங்கதான் புதுசா ஆரம்பிச்சிருக்காங்களா?

உடையின் வடிவம் புதிது. தலையை மூடும் வழக்கம் புதிதல்ல. தமிழகத்திலிருந்து வந்த முஸ்லிம் பெண்கள் புடவைத் தலைப்பை முக்காடாக இட்டார்கள். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்தார் வெளியே போகையில் புடவைக்கு மேலே வெள்ளைத் துப்பட்டி போர்த்தினார்கள். கடலோர மரைக்காயர்கள் ஷாஃபி, உள்நாட்டு ராவுத்தர்கள் ஹனஃபி. வழக்கங்களில் சிறு வேறுபாடுகள் அன்றே இருந்தன. மலாய்ப் பெண்களும் 1960களில் செலெண்டாங் எனும் சால்வையைத் தலையில் தளர்வாகப் போட்டிருந்தார்கள். பலர் அதுவும் போடவில்லை.

மாற்றம் 1970களில் வந்தது. பல்கலைக்கழக மாணவர்களிடையே ‘டக்வா’ எனும் மார்க்க அழைப்பு இயக்கம் பரவியது. அபிம் எனும் இளைஞர் அமைப்பு 1971இல் தோன்றியது. 1968இல் தொடங்கிய டாருல் அர்காம் குழுவின் பெண்கள் முகத்திரையும் அணிந்தார்கள். அக்குழுவை அரசாங்கம் 1994இல் தடைசெய்தது. அதன் போதனைகள்தான் காரணம், உடை அல்ல. நம் ஊர்களில் முகத்திரையைக் கண்டாலே ‘தீவிரவாதம்’ என்று சிலர் முணுமுணுப்பதற்கு அந்தக் கால நினைவும் ஒரு காரணம். இன்று நிகாப் அணியும் பெண்ணுக்கும் அந்தக் குழுவுக்கும் முடிச்சுப் போடுவது அநியாயம். பிறகு வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள் வழியாகக் கறுப்பு அபாயாவும் தமிழ் முஸ்லிம் வீடுகளுக்குள் வந்தது.

முக்காடு போட்ட பாட்டியின் மார்க்கம் குறைந்ததுமல்ல, நிகாப் போடும் பேத்தியின் மார்க்கம் கூடியதுமல்ல. குடும்பத்துக்குள் இந்த ஒப்பீடு வேண்டாம். அது பாட்டிகளை மிகவும் நோகடிக்கிறது.

கறுப்புதான் போடணுமா?

இல்லை. நிறத்துக்குக் கட்டாயம் எதுவும் கிடையாது.

இந்த வெயில்ல எப்படித்தான் தாங்குறாங்க?

துணியைப் பொறுத்தது. பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கனத்த பாலியஸ்டர் அங்கி வியர்வையை உறிஞ்சாது, காற்றும் விடாது. பருத்தி, ‘வாயில்’ (voile), விஸ்கோஸ் கலந்த துணிகள் எவ்வளவோ மேல். அங்கிக்கு ‘நிடா’ என்று விற்கும் துணி பாலியஸ்டர்தான் என்றாலும் மெல்லியது, உடம்பில் ஒட்டாது, சுருங்காது. உள்ளே கை வைத்த பருத்திச் சட்டை ஒன்று போட்டால் வியர்வை அதில் இறங்கிவிடும். அங்கிக்கு உயரம் 52, 54, 56 என அங்குலக் கணக்கில் கேட்பார்கள். தோள் மேட்டிலிருந்து தரைவரை அளந்து, அதில் 2 அங்குலம் குறைத்து வாங்குங்கள். இல்லாவிட்டால் ஓரம் சேற்றில் இழுபடும். படியேறும்போது காலில் மிதிபட்டு விழவும் நேரும்.

துடோங்கில் ‘பாவால்’ எனும் சதுரத் துணிக்கு 45 அங்குலம் சாதாரண அளவு. நெஞ்சு முழுவதும் மறைய 50, இடுப்புவரை இறங்க 60. மெல்லிய வாயிலில் 45 எடுத்தால் கழுத்து நிழலாகத் தெரியும். உள்ளே ‘இன்னர்’ குல்லாய் தேவைப்படும். அந்தக் குல்லாய் இறுக்கமாக இருந்தால் மாலையில் நெற்றிப்பொட்டு வலிக்கும். தலைவலிக்கு மாத்திரை தேடும் முன் குல்லாயை ஒரு அளவு பெரிதாக மாற்றிப் பாருங்கள்.

பெரிய தவறு, தலைக்குக் குளித்த ஈரத்தோடு துடோங் கட்டுவது. ஈரமும் சூடும் சேர்ந்தால் பொடுகும் அரிப்பும் வாடையும் வரும். காலை அவசரத்தில் நேரமில்லை என்றால் முதல்நாள் இரவே தலை குளித்து உலர்த்திக்கொள்ளுங்கள். நிகாபைத் தினமும் துவைக்கவேண்டும். மூச்சு ஈரமும் எச்சில் துளியும் படும் துணியை மறுநாளும் கட்டினால் மூக்கின் இருபுறமும் வாயைச் சுற்றியும் பருக்கள் கிளம்பும். வாரத்துக்கு ஐந்து துணி வைத்திருப்பது ஆடம்பரமல்ல.

கண்ணாடி போடறவங்க நிகாப் கட்டினா மூச்சுப் புகைஞ்சு ஒன்னும் தெரியாதே?

மூச்சு மேல்பக்கம் போவதால் கண்ணாடியில் ஆவி படிகிறது. கோவிட் காலத்தில் முகக்கவரி போட்ட எல்லாருக்கும் இது பழகிப்போன தொல்லை. நிகாபின் மேல் ஓரத்தை மூக்குத் தண்டின் நடுவில் வைத்து, கண்ணாடியை அந்தத் துணிக்கு மேலே அழுத்தி வைத்தால் மேல்வழி அடைபடும். கீழ்ப்பக்கம் துணி தொங்கலாக இருக்கவேண்டும். தாடையோடு ஒட்டிவிட்டால் மூச்சு வெளியேற வேறு வழியில்லாமல் கண் பக்கமே போகும்.

காதில் மாட்டும் ரப்பர் வகை, கண்ணாடிக் கம்பியோடு சேர்ந்து காதுமடலைப் புண்ணாக்கும். அதற்குப் பதில் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போடும் வகையை வாங்குங்கள். இரண்டு, மூன்று அடுக்கு வரும் அரபு மாதிரியில் மேல் அடுக்கு கண்மேல் விழுந்தால் பக்கவாட்டுப் பார்வை மங்கும். சாலையைக் கடக்கும் முன் அதைத் தலைக்கு மேல் தூக்கிவிடவேண்டும்.

மோட்டார்ல போறப்ப துடோங் இருந்தா ஹெல்மெட் வேண்டாம்னு சொல்றாங்களே?

தவறு. 1973ஆம் ஆண்டு தலைக்கவச விதிகளில் தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்குத்தான் விலக்கு. துடோங்குக்கோ ஆண்களின் சொங்கோக் தொப்பிக்கோ கிடையாது.

குண்டூசி குத்திய துடோங்கின்மேல் ஹெல்மெட் போடாதீர்கள். விழுந்தால் ஊசி தலைக்குள் இறங்கும். ஊசி தேவையில்லாத ‘சாரோங்’ வகைத் துடோங் போட்டு, முனைகளைச் சட்டைக்குள் செருகி, பிறகு ஹெல்மெட் வாரை மாட்டுங்கள். கொண்டையை உச்சியில் போட்டால் ஹெல்மெட் தலையில் உட்காராது. பிடரிக்குக் கீழே தாழ்த்திக் கட்டவேண்டும். பின்னால் உட்கார்ந்து போகிறவர் நீளத் துடோங்கையும் அங்கி ஓரத்தையும் மடக்கித் தொடைக்கடியில் வைக்கவேண்டும். துணி பின்சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கினால் நொடியில் கழுத்தை இழுத்துவிடும். புடவைத் தலைப்புக்கும் பஞ்சாபித் துப்பட்டாவுக்கும் அதே ஆபத்துதான். இதை எல்லா வீட்டுப் பெண்களும் கேட்கவேண்டும்.

செம்பனைத் தோட்டத்துலயும் ஃபேக்டரியிலயும் இதோட வேலை செய்ய முடியுமா?

துடோங்கோடு செய்யலாம், ஆயிரக்கணக்கான பெண்கள் செய்கிறார்கள். சுழலும் இயந்திரம், கன்வேயர், உருளை உள்ள இடத்தில் தொங்கும் துணி எதுவும் இருக்கக்கூடாது. குட்டைத் துடோங், முனைகள் சீருடைக் கழுத்துக்குள், ஊசி இல்லை, மேலே தொழிற்சாலை தரும் வலைத்தொப்பி. உணவு, கையுறைத் தொழிற்சாலைகளில் ஊசி விழுந்தால் சரக்கே கெட்டுவிடும் என்பதால் அங்கே இன்னும் கண்டிப்பு. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி முதலாளிக்கும் கடமை உண்டு, தொழிலாளிக்கும் உண்டு. பாதுகாப்புக்காகத் துணியைச் சுருக்கச் சொன்னால் அதை மத விரோதம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. ‘துடோங்கே கூடாது’ என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

மருந்து தெளிக்கும் வேலையில் துணி நிகாப் பாதுகாப்பல்ல. மருந்துத் துளியை அது உறிஞ்சி முகத்தோடு ஒட்டிவைக்கும். தோட்டம் தரும் சுவாசக் கவசத்தை நேரடியாகத் தோலின்மேல் அணியவேண்டும். இடையில் துணி இருந்தால் ஓரத்தில் கசியும்.

பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு எந்த வயசுல ஆரம்பிக்கணும்? தமிழ்ப்பள்ளியில போட விடுவாங்களா?

மார்க்கக் கடமை பருவமடைந்த பிறகுதான். அதற்கு முன் போடுவது பழக்கத்துக்காக. பாலர் பள்ளிப் பிள்ளைக்குப் போட்டுவிட்டால் ஊசியே வேண்டாம், குட்டையாக இருக்கட்டும். சறுக்குமரத்தில் சிக்கினால் கழுத்தை இறுக்கும். ஓடி விளையாடிவிட்டு வந்து கழற்றினால் திட்டாதீர்கள்.

தமிழ்ப்பள்ளியில் படிக்கும் முஸ்லிம் மாணவிகள் வெள்ளைத் துடோங்கோடும் பாஜு குரோங்கோடும் வரலாம். முகத்திரை சீருடையில் சேராது. இந்துப் பெற்றோர் கேட்கும் எதிர்க்கேள்விக்கும் பதில்: முஸ்லிம் அல்லாத மாணவிக்குத் துடோங் கட்டாயமில்லை. மேடை நிகழ்ச்சி, குழுப்பாட்டு என்று சொல்லி எல்லாரையும் போடச் சொன்னால் வகுப்பாசிரியரிடம் மரியாதையாகச் சொல்லி விலக்கு வாங்கலாம்.

அரசாங்க வேலையில நிகாப் போடலாமா? இது நம்ம மதச் சுதந்திரம் இல்லையா?

துடோங் போடலாம். முகத்தை மூட முடியாது. பொதுச்சேவைப் பெண் ஊழியர்கள் முகத்திரை அணியக்கூடாது என்று 1985இல் சுற்றறிக்கை வந்தது. நம் பேராக் மாநிலச் சட்ட ஆலோசகர் அலுவலகத்தில் பணியாற்றிய ஹலிமாதுஸ்ஸாடியா என்பவர் முகத்திரையை எடுக்க மறுத்து வேலை இழந்தார். அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு தரும் மதச் சுதந்திரத்தைச் சொல்லி வழக்காடினார். உச்ச நீதிமன்றம் 1994இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. முகத்திரையை இஸ்லாம் கட்டாயமாக்கவுமில்லை, தடுக்கவுமில்லை. எனவே பொதுச்சேவையின் பொருட்டு அரசாங்கம் அதைக் கட்டுப்படுத்தலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

ஆண்களுக்கும் இதே அளவுகோல்தான். நெகிரி செம்பிலான் செர்த்திங்கில் தலைப்பாகை கட்டி வந்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுவர்களின் வழக்கு உயர் நீதிமன்றத்தில் வென்று, மேல்முறையீட்டில் தோற்று, 2006இல் கூட்டரசு நீதிமன்றத்திலும் தோற்றது.

தீர்ப்பு சட்டம், அதை மதிக்கவேண்டும். ஆனால் உளமாற நம்பி அணிந்த ஒரு பெண் பிழைப்பை இழந்தார் என்பதையும் மறக்கக்கூடாது. முகத்தைப் பார்த்தே ஆகவேண்டிய வேலை எது, தேவையில்லாத வேலை எது என்று பிரித்துப் பார்த்திருக்கலாம் என்றே நாங்கள் கருதுகிறோம்.

தனியார் கம்பெனி ‘துடோங்கைக் கழட்டு’ன்னு சொன்னா?

சில ஹோட்டல்கள் முன்மேசைப் பெண்களைத் துடோங் இல்லாமல் நிற்கச் சொல்கின்றன என்ற புகார் 2017இல் நாடெங்கும் பேசப்பட்டது. அரசியலமைப்பு உரிமைகள் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்று, கர்ப்பத்தால் வேலை இழந்த விமானப் பணிப்பெண்ணின் வழக்கில் 2005இல் தீர்ப்பாகியிருக்கிறது. எனவே நேர்காணலிலேயே கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதே பத்திரம். வேலையில் சேர்ந்தபின் விதியை மாற்றினால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யுங்கள். அண்டையில் சிங்கப்பூர் தாதியர் நெடுநாள் கேட்டு, 2021 நவம்பர் 1 முதல் சீருடையோடு துடோங் அணிய அனுமதி பெற்றார்கள்.

மைகார்டு படத்துக்கு, போலீஸ் சோதனைக்கு, பேங்குக்கு எல்லாம் நிகாபோட போக முடியுமா?

போகலாம், முகத்தைக் காட்டவேண்டி வரும். மைகார்டு எனும் அடையாள அட்டை, கடப்பிதழ்ப் படத்தில் நெற்றியிலிருந்து தாடைவரை தெரியவேண்டும். வெளிறிய பின்னணியோடு கலந்துவிடும் என்பதால் வெள்ளைத் துடோங்கைத் தவிர்த்துக் கரும் நிறத்தில் போட்டுப் போங்கள். கவுண்டருக்குப் போனதும், பெண் அதிகாரி எடுக்கமுடியுமா என்று கேளுங்கள். கூட்டமில்லாத நேரமானால் பெரும்பாலும் ஏற்பாடு செய்கிறார்கள்.

சாலைத் தடுப்பில் மைகார்டோடு முகத்தை ஒப்பிடக் கேட்டால், பெண் போலீஸ் முன் அல்லது ஓரமாக ஒதுங்கித் திறந்து காட்டலாம். பெண் போலீஸ் இல்லாவிட்டால்? தேவைக்காக முகத்தைக் காட்டுவது எல்லா மத்ஹபிலும் ஆகுமானதே. சாட்சி சொல்லும்போதும், மருத்துவரிடமும், பெண் பார்க்கும்போதும் முகம் காட்டுவதைப் பழைய நூல்களே அனுமதிக்கின்றன. வாக்குவாதம் வேண்டாம். அதிகாரிகளுக்கும் ஒன்று: அடையாளம் பார்க்க ஐந்து விநாடி போதும். முகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு விசாரணை நடத்தவேண்டியதில்லை.

நிகாப்ல யார் வேணா ஒளிஞ்சுக்கலாமே, பயமா இருக்காதா?

ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கடைக்குள் வருபவரைப் பார்த்தாலும் பயம்தான். அதற்காக ஹெல்மெட்டைத் தடைசெய்யவில்லை, கடைக்குள் கழற்றச் சொல்கிறோம். நகைக்கடை, வங்கி போன்ற இடங்களில் முகம் காட்டக் கேட்பது நியாயம். நடுத்தெருவில் ‘யார்டி நீ’ என்று கேட்பது நியாயமல்ல.

குழந்தைகள் ‘பேய்’, ‘ஹந்து’ என்று கத்துவதும் நடக்கிறது. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்: அது ஒரு ஆன்ட்டி. சிறு குழந்தைகள் முன் முகத்தை மூடவேண்டியதில்லை என்பதால், கேட்டால் பல பெண்கள் திரையைத் தூக்கிச் சிரித்தும் காட்டுவார்கள்.

ஆஸ்பத்திரியில என்னென்ன கழட்டச் சொல்வாங்க?

நெஞ்சு எக்ஸ்ரேக்கு ஊசி, புரோச், மணி கோத்த துடோங், கொக்கி வைத்த உள்ளாடை எல்லாவற்றையும் எடுக்கவேண்டும்; படத்தில் நிழலாக விழுந்து நோய் போலவே தெரியும். எம்ஆர்ஐ அறைக்குள் ஊசியோ, இப்போது பலர் பயன்படுத்தும் காந்தப் பின்னோ போகவே கூடாது. இயந்திரத்தின் காந்தம் அதைக் குண்டு போல இழுத்துப் பறக்கவிடும். துடோங் மடிப்புக்குள் ஒன்று மறந்து நின்றாலும் ஆபத்து. வீட்டிலிருந்தே ஊசியில்லாத சாரோங் துடோங்கோடு போய், பணியாளரிடம் சொல்லுங்கள்.

அறுவைக்கு மயக்கம் கொடுப்பவர் வாய், பல், கழுத்து அசைவைப் பார்க்கவேண்டும். உதட்டு நிறத்தையும் கவனிப்பார். அதனால் நிகாப் முடியாது. துடோங்குக்குப் பதில் அறுவை அறைத் தொப்பி தருவார்கள். கழுத்தை மறைக்கும் வகை இருக்கிறதா என்று முதல்நாளே தாதியிடம் கேளுங்கள். பெண் மருத்துவர் வேண்டுமென்றும் கேட்கலாம். இல்லையென்றால் பெண் தாதி கூட இருக்கவேண்டும் என்று கேளுங்கள். ஆண் மருத்துவர் என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட மார்க்கம் சொல்லவில்லை.

வெயில் படாததால் வைட்டமின் டி குறையுமா என்றால், குறையலாம். அலுவலகத்துக்குள்ளேயே இருப்பவர்களுக்கும் இந்நாட்டில் இது சகஜம். வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடும்போது கையைத் திறந்து வெயில் வாங்குங்கள். எலும்புவலி இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

எங்க பொண்ணு கல்யாணத்துக்காக மதம் மாறிட்டா. இப்ப நிகாப் போடறா. சொந்த அப்பா, அண்ணன் முன்னாடியும் மூடிக்கணுமா? எங்களைப் பார்க்கவே பிடிக்கலையா?

மூடவேண்டியதில்லை. அப்பா, தாத்தா, உடன்பிறந்த அண்ணன் தம்பி, தாய்மாமா, அப்பாவின் உடன்பிறந்த சித்தப்பா, பெரியப்பா, அண்ணன் பிள்ளை, அக்கா பிள்ளை ஆகியோர் அவளை மணக்க முடியாத உறவுகள்; அவர்கள் இந்துவாகவே இருந்தாலும் அவர்கள் முன் தலையையும் முகத்தையும் திறக்கலாம். தெரியாமல் யாராவது அவளிடம் மாற்றிச் சொல்லியிருந்தால், உஸ்தாஸாவிடம் (மார்க்க ஆசிரியையிடம்) கேட்டுத் தெளிவுபெறச் சொல்லுங்கள்.

சிக்கல் வருவது முறைமக்களிடம். அத்தை மகன், மாமன் மகன், அக்கா புருஷன், சித்தப்பா மகன், பெரியம்மா மகன் முன் அவள் மூடிக்கொள்வாள். சித்தப்பா, பெரியம்மா மகன்களை நாம் அண்ணன் தம்பி என்போம். இஸ்லாத்தில் அவர்களும் மணமுடிக்கக் கூடியவர்களே. ‘கூடவே வளர்ந்தவனைப் பார்த்து மூஞ்சியை மூடறா’ என்று வீட்டில் மனவருத்தம் வெடிப்பது இங்கேதான். அவள் வரும்போது சமையலறை ஒட்டிய ஓர் அறையைப் பெண்களுக்கென்று விட்டுவிடுங்கள். அங்கே திரையை எடுத்துவிட்டு அம்மா கையால் சாப்பிடட்டும். படம் எடுத்தால், கேட்காமல் வாட்சப்பில் போடாதீர்கள். அவளும் அம்மாவுக்கு இதை முன்கூட்டியே விளக்கிச் சொல்லவேண்டும். திடீரென்று பார்த்தால் எந்தத் தாய்க்கும் நெஞ்சு கலங்கும்.

பக்கத்து வீட்டு இந்துப் பெண்கள் முன்னாடியும் துடோங்கை எடுக்கமாட்டாங்களா?

சிலர் எடுப்பார்கள், சிலர் எடுக்கமாட்டார்கள். மேலே சொன்ன 31ஆம் வசனத்தில் யார் யார் முன் தளர்த்திக்கொள்ளலாம் என்ற வரிசையில் ‘அவர்களுடைய பெண்கள்’ என்று வருகிறது. முஸ்லிம் பெண்கள் மட்டும் என்று சிலரும், பழகிய நல்ல பெண்கள் எல்லாரும் என்று சிலரும் பொருள் கொள்கிறார்கள். எடுக்காவிட்டால் உங்களைத் தாழ்வாக நினைக்கிறார் என்று அர்த்தமில்லை.

புருஷன் கட்டாயப்படுத்திப் போடவைக்கறான்னா என்ன பண்றது? அவங்க விரும்பித்தான் போடறாங்கன்னு எப்படித் தெரியும்?

துணியைப் பார்த்துத் தெரியாது. தனியே கடைக்குப் போகிறாளா, போன் அவள் கையில் இருக்கிறதா, சம்பளம் யாரிடம், அம்மா வீட்டுக்கு வரமுடிகிறதா என்று பாருங்கள். இவையெல்லாம் அடைபட்டிருந்தால் பிரச்சினை கொடுமை; துடோங் போடாத வீட்டிலும் அதே கொடுமை நடக்கிறது. 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் முஸ்லிம்களுக்கும் பொருந்தும். 2017 திருத்தம் அதை வலுப்படுத்தியது. அடி, மிரட்டல் என்றால் போலீஸ் புகார் செய்து பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். ‘தாலியான் காசிஹ்’ எனும் உதவித் தொலைபேசியில், 15999 எண்ணில், 24 மணி நேரமும் பேசலாம்.

கணவன் விரும்பினான், அவளும் ஒத்துக்கொண்டாள் என்றால் அது அவர்கள் குடும்ப விஷயம். மிரட்டிப் போடவைத்தது பேணுதல் ஆகாது. இதை ஜும்ஆ மேடையிலேயே ஆண்களுக்குச் சொல்லவேண்டும்.

எங்க மக துடோங்கை எடுத்துட்டா. ஊரே பேசுது. சட்டப்படி குத்தமா?

தலையை மூடாததற்காக மட்டும் தண்டிக்கும் கூட்டரசுச் சட்டம் இல்லை. சமய விவகாரம் மாநிலங்களின் கையில் இருக்கிறது. கோத்தா பாருவில் கடைகளில் வேலை செய்யும் முஸ்லிம் பெண்களுக்கு ஊராட்சி விதிப்படி அபராதம் விதித்திருக்கிறார்கள். 2019 ஏப்ரலில் பெட்டாலிங் ஜெயாவில், துடோங்கைக் களைந்தது பற்றிப் பெண்கள் சிலர் ஒரு கலந்துரையாடல் நடத்தியபோது சிலாங்கூர் சமய இலாகா விசாரணை தொடங்கியது. பொதுவெளியில் பேசினால் கேள்வி வரும் என்பதை மகள் தெரிந்துவைத்திருக்கட்டும்.

வீட்டில் செய்யவேண்டியது வேறு. அடிக்கவோ வீட்டைவிட்டு விரட்டவோ வேண்டாம். காரணத்தைக் கேளுங்கள்: வேலை தேடலா, கேலியா, நம்பிக்கைத் தடுமாற்றமா, வெறும் சூடா? அவள் வாயைத் திறந்து பேசும்வரை தலைத்துணியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

பிரான்சுல தடை பண்றான், ஈரான்ல கட்டாயம் பண்றான். ரெண்டுல எது சரி?

இரண்டும் சரியில்லை என்பதே எங்கள் உறுதியான கருத்து. பிரான்ஸ் 2004இல் அரசுப் பள்ளிகளில் தலைத்துணியையும், 2011 ஏப்ரல் முதல் பொதுவிடங்களில் முகத்திரையையும் தடுத்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014இல் முகத்திரைத் தடையை ஏற்றது. சுவிட்சர்லாந்தில் முகத்திரைத் தடைக்கான 2021 வாக்கெடுப்பு 51.2 விழுக்காட்டில் வென்று, 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஈரானோ இரண்டையும் செய்து பார்த்த நாடு: 1936இல் ரேஸா ஷா திரையைத் தடைசெய்து, போலீசார் தெருவில் துணியை உருவினார்கள், 1979 புரட்சிக்குப்பின் அதையே கட்டாயமாக்கினார்கள். 2022 செப்டம்பரில் மஹ்சா அமினி என்ற 22 வயதுப் பெண் உடைக் காவலர் பிடியில் இறந்தார். உருவியதும் போலீஸ், போர்த்தியதும் போலீஸ். பெண்களிடம் இரண்டு முறையும் யாரும் கேட்கவில்லை.

நமக்கு நெருக்கமான இரண்டு: இலங்கை, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப்பின் ஏப்ரல் 29 முதல் அவசரகால விதியில் முகத்திரையைத் தடுத்தது. கர்நாடகக் கல்லூரிகளில் ஹிஜாப் தடையை அங்குள்ள உயர் நீதிமன்றம் 2022 மார்ச் 15 அன்று ஏற்றது; அக்டோபர் 13 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் இரு வேறு தீர்ப்பு எழுதினார்கள். கர்நாடகச் சண்டை தலைத்துணி பற்றியது, முகத்திரை பற்றியதல்ல. முதல் பதிலில் சொன்ன வேறுபாட்டை மறந்துவிட்டு வாட்சப்பில் சண்டை போடுகிறார்கள்.

நிகாப் போட்டவங்க தமிழ் டியூஷன் எடுத்தா, வாய் தெரியாம ழ, ள எப்படிப் பிள்ளைங்க கத்துக்கும்?

நல்ல கேள்வி. ழகரத்துக்கு நாக்கு உள்மடிவதை வாயைப் பார்த்தே பிள்ளைகள் பிடிக்கிறார்கள். பெண் பிள்ளைகளும் சிறுவர்களும் மட்டும் உள்ள வகுப்பில் ஆசிரியை திரையை எடுத்துவிடலாம், மார்க்கத்தில் தடையில்லை. கதவருகே ஒரு திரைச்சீலை போட்டால், பிள்ளையை அழைக்கவரும் அப்பாமார் எட்டிப்பார்க்கும் சிக்கலும் தீரும். வளர்ந்த பையன்களும் இருந்தால் உச்சரிப்பு வகுப்பை மட்டும் பிரித்து வைக்கலாம். காது மந்தமான பிள்ளை இருந்தால் உதட்டைப் பார்த்தே அது புரிந்துகொள்ளும். அதைப் பெற்றோர் முதல் நாளே சொல்லிவிடவேண்டும்.

கோலகங்சார் உபுடியா பள்ளிவாசலைப் பார்க்கப் போறோம். நாங்க முஸ்லிம் இல்ல. தலையை மூடணுமா? பொட்டை அழிக்கணுமா?

பொட்டை அழிக்கவேண்டாம். கை, கால் மறையும் உடையும் தலைக்கு ஒரு துணியும் போதும். புடவை, பஞ்சாபிச் சட்டை தாராளம். முகத்தை யாரும் மூடச் சொல்லமாட்டார்கள். உடை போதாதென்றால் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கென வாசலில் வைத்திருக்கும் அங்கியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்து, தொழுகை நேரம் இல்லாதபோது போங்கள். திரும்பும்போது அங்கியை மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.